தனி நடைக்கும் 'லைன் கிளியர்' வேண்டும்

பூஜை விடுமுறை நெருங்கும்போது கொல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இப்போதெல்லாம் ஒரு புதுப் பேச்சு எழுகிறது. கல்லூரியில் படிக்கும் பையனோ, வேலைக்குச் சேர்ந்த பெண்ணோ, "இந்த முறை நான் ஊருக்கு வரவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போகிறேன்" என்கிறார்கள். அம்மா கலங்குகிறார், அப்பா கூடாது என்கிறார். பிள்ளையின் ஆசையும் தவறன்று, பெற்றோரின் அச்சமும் தவறன்று. இரண்டையும் சமாதானப்படுத்தக்கூடியது ஒழுங்கான திட்டம் ஒன்றுதான். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அத்தகைய திட்டத்தைப் போடும் வழியை இங்கே சொல்ல விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக, நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள சந்தக்பூ பாதையை எடுத்துக்கொள்வோம்.

சந்தக்பூ மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம், 3636 மீட்டர். சிங்காலிலா தேசியப் பூங்காவுக்குள், இந்திய நேபாள எல்லையை ஒட்டிய மலைமுகட்டில் இருக்கிறது. உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கையும் வானம் தெளிந்திருந்தால் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். சியால்தாவில் இரவு ரயில் ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து ஜீப்பில் மானேபஞ்சன். நடை அங்கே தொடங்குகிறது. மழைக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் படம் எடுக்க ஏற்றவை.

முதலில், 'தனியாக' என்பதன் பொருள். மானேபஞ்சனில் பதிவு செய்து, அனுமதிச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் பெற்ற பிறகே பூங்காவுக்குள் போகலாம். "வழிகாட்டி வந்தால் அது தனிப் பயணமா?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். எத்தனை ஆண்டு அனுபவம் உள்ள ரயில் ஓட்டுநரும், புதிய பாதையில் பழக்கமுள்ளவரோடு போய்ப் பாதையைக் கற்ற பின்பே தனியாக வண்டி ஓட்டுவார். அதில் அவருக்குக் குறைவில்லை. நமக்கும் இல்லை. எல்லைப் பகுதி ஆதலால் அடையாள அட்டையும் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, நேரக் கணக்கு. 1892ஆம் ஆண்டில் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஓர் எளிய விதி தந்தார். அதை மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. காலிபோக்ரியிலிருந்து சந்தக்பூ சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர். தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 45 நிமிடம்; ஆக ஏறத்தாழ 2 மணி. முதுகில் சுமையும் மெல்லிய காற்றும் இருப்பதால் பாதியைக் கூட்டி 3 மணி என்க. கேமராக்காரர் வழியில் நிற்காமல் போகமாட்டார்; அதற்கு இன்னும் ஒரு மணி. காலை 8 மணிக்குப் புறப்பட்டால் நண்பகலில் சேரலாம். கீழ்த்திசையில் நவம்பர் மாதம் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பிற்பகல் 2 மணிக்குள் தங்குமிடம் சேரும்படி ஒவ்வொரு நாளையும் அமைப்பது நல்லது.

மூன்றாவது, உயரம். கொல்கத்தா கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். 3600 மீட்டரில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 3000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. மானேபஞ்சனில் ஓர் இரவு, 2970 மீட்டரில் தும்லிங், 3186 மீட்டரில் காலிபோக்ரி, பிறகு சந்தக்பூ என்று போனால் இந்த வரம்புக்குள் அடங்கும். ஜீப்பில் ஒரே நாளில் உச்சிக்குப் போய்விடலாம். உடம்புக்கு அது ஆகாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக்கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும். தள்ளாட்டம், குழப்பம், சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவை கண்டால் இரவென்றும் பாராமல் உடனே இறங்குவதுதான் மருந்து.

நான்காவது, பாரம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. பை 1.5, கூடாரம் 2, ஸ்லீப்பிங் பேக் 1.5, விரிப்பு 0.5, உடைகளும் மழைக்கோட்டும் 1.5, அடுப்பும் பாத்திரமும் 0.5, உணவு 1.5, தண்ணீர் 1, மருந்தும் டார்ச்சும் 0.5. கூட்டினால் 10.5 கிலோ. கேமராவுக்கு மிஞ்சுவது ஒன்றரை கிலோதான். கேமராவும் ஒரு ஜூம் லென்ஸும், கூடுதலாக இரண்டு பாட்டரிகளும், சிறிய முக்காலியும் இதில் அடங்கும். தூரத்துச் சிகரங்களுக்குப் பெரிய லென்ஸ் வேண்டுமென்றால் கூடாரத்தை விட்டுவிடலாம். இந்தப் பாதையில் ஒவ்வொரு தங்கலிலும் விடுதிகள் உண்டு, முன்பதிவு செய்தால் போதும். கூடாரம்தான் வேண்டும் என்பவர்கள், எங்கே அடிக்கலாம் என்பதை அனுமதிச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுப்புக்கான கேஸ் குப்பியை ரயிலில் கொண்டு போகாதீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். இறங்கிய இடத்தில் வாங்குங்கள். சந்தக்பூ உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு எளிதில் வேகாது. அவல், சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை போன்ற நம் வீட்டுப் பண்டங்களே கை கொடுக்கும்.

குளிரில் பாட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். பகலில் சட்டைப்பையிலும், இரவில் படுக்கைக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவருமுன் பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். ஈரம் பையின்மேல் படியும், லென்ஸில் படியாது. சூரியன் தோன்றுமுன்பே கஞ்சன்ஜங்காவின் உச்சி சிவக்கத் தொடங்கும். அதற்கு அரைமணி முன்னதாக முக்காலியை நிறுத்தி, அதன்பின் விளிம்பை நோக்கிப் பின்வாங்காமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றினும் முக்கியமானது. ஒற்றை ரயில் பாதையில், அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' கொடுக்காமல் எந்த வண்டியும் புறப்படாது. புறப்பட்ட வண்டி உரிய நேரத்தில் வந்து சேராவிட்டால் இரு நிலையங்களும் விசாரிக்கத் தொடங்கிவிடும். தனியே நடப்பவருக்கு அந்த நிலையம் வீடுதான். ஒரு தாளில் ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், விடுதியின் தொலைபேசி எண், வழிகாட்டியின் பெயர், இரத்தப் பிரிவு, திரும்பும் ரயில் ஆகியவற்றை எழுதி வீட்டில் வையுங்கள். முகட்டில் கைபேசி சில இடங்களில் எடுக்காது. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பதும் நம் நாட்டில் குற்றம். ஆகவே ஒரு கெடுவையும் அதே தாளில் எழுதுங்கள்: "இன்ன நாள், இன்ன மணி வரை செய்தி வராவிட்டால் கவலை வேண்டாம். அதற்குப் பிறகு விடுதிக்கும் வழிகாட்டிக்கும் பேசுங்கள். அங்கும் தகவல் இல்லையென்றால் 112ஐ அழையுங்கள்."

உறவினர் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் நமக்கு இந்தத் தாள் ஒன்றே துணை. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இப்படிக் கணக்குப் போட்டு எழுதித் தரும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். இளைஞர்களுக்கும் ஒன்று: எழுதித் தராமல் படியிறங்காதீர்கள். தாளில் கண்ட பாதையை மாற்ற நேர்ந்தால், மாற்றுமுன் வீட்டுக்குச் சொல்லுங்கள். எடுத்த படங்களை எல்லோரும் சேர்ந்து பார்க்கும் நாள் அப்போது தானே வரும்.