கூடையை நிரப்பியவர் வாங்காமல் திரும்புவதேன்?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் இன்று சிறுதானியம், செக்கெண்ணெய் முதலியவற்றை இணையத்தின் வழியே விற்கத் தலைப்பட்டுள்ளன. ஆயினும், பொருளைத் தேர்ந்து கூடையிலிட்ட பின்னும் பலர் பணம் செலுத்தாமலே போய்விடுகின்றனர். சரக்கில்தான் குறையென்று நாம் எண்ணிவிடுகிறோம். பணம் செலுத்தும் பக்கத்தை ஆராய்வதில்லை.

அமெரிக்காவின் பெரிய இணையக் கடையொன்றில் நிகழ்ந்ததை ஜாரெட் ஸ்பூல் என்பவர் 2009-இல் எழுதியுள்ளார். அங்கே பதிவு செய்துகொண்ட பின்னரே பணம் செலுத்த இயலும். புதியவர்கள் அதை வெறுத்தனர். பழையவர்களோ கடவுச்சொல்லை மறந்து தவித்தனர். ‘பதிவு செய்க’ என்ற பொத்தானை நீக்கித் ‘தொடர்க’ என்று வைத்தனர். பதிவு கட்டாயமன்று என ஒரு குறிப்பும் சேர்த்தனர். வாங்கி முடித்தோர் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்தது. முதலாண்டில் விற்பனை 30 கோடி டாலர் கூடிற்று. சந்தையில் கத்தரிக்காய் வாங்க வருபவரிடம் நாம் முதலில் கையொப்பமா கேட்கிறோம்?

பொருளை அனுப்பப் பெயர், முகவரி, தொலைபேசி எண் போதும். அனுப்பும் கூலியை இறுதியில் காட்டித் திகைக்கச் செய்தலாகாது. விலைக்கருகிலேயே குறித்தல் வேண்டும். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையிலும் பணம் பெற ஏற்பாடு செய்தல் நலம். பொறுப்பாளர் ஒருவர் தம் கைப்பேசியில், புதியவரைப்போல, ஒரு கிலோ கேழ்வரகு மாவை வாங்கிப் பார்த்து, தாம் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும்.