விளக்கு எரிந்தால் போதுமா?

ஆல்ப்ஸ் சரிவுகளில் ஸ்கீ கட்டி நடந்தே ஏறிச் சறுக்கி இறங்குகிறவர்கள், பனிச்சரிவு டிரான்ஸீவர் ஒன்றை மார்போடு வார்போட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். 457 கிலோஹெர்ட்ஸில் அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். யாராவது புதைந்துபோனால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அவரை நெருங்குவார்கள். இதைச் சோதிப்பதில்தான் பலருக்கும் அலட்சியம்.

நம்பிக்கை: விளக்கு மினுங்குகிறது, பேட்டரி 90 சதவீதம். கருவி நன்றாக இருக்கிறது.

உண்மை: அது கருவி தன்னைப் பற்றித் தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்று. சமிக்ஞை வெளியே போகிறதா என்பதை இன்னொரு கருவிதான் சொல்ல முடியும். அதனால்தான் கிளம்பும் இடத்திலேயே குழுச் சோதனை. தலைவர் தன் கருவியைக் குழுச் சோதனை நிலையில் வைப்பார். அப்போது அதற்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம்தான் கேட்கும். மற்றவர்கள் நல்ல இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடப்பார்கள். எல்லாருடைய கருவியும் தேடும் நிலையில் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தலைவரின் கருவி அனுப்புகிறதா? இதைக் கேட்கத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.

பருவத் தொடக்கத்தில் தூரச் சோதனையும் தேவை. ஒரு கருவியை அனுப்பும் நிலையில் தரையில் வைத்துவிட்டு, தொலைவிலிருந்து அதை நோக்கி நடந்து வாருங்கள். முதல் சமிக்ஞை எங்கே கிடைக்கிறது என்று குறித்துக்கொண்டு, கிடக்கும் கருவியைத் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். ஆன்டெனாக்கள் இருக்கும் திசையைப் பொறுத்துத் தூரம் மாறும், அது இயல்பு. போன வருடம் 40 மீட்டரில் கேட்டது இப்போது 15 மீட்டரில்தான் கேட்கிறது என்றால், எப்போதோ கீழே விழுந்ததில் உள்ளே ஓர் ஆன்டெனா உடைந்திருக்கலாம். திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்! சுவிட்சர்லாந்துப் பதிவுகளின்படி, தலை மூடப் புதைந்தும் 10 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். அதன் பிறகு அந்த விகிதம் செங்குத்தாக விழுகிறது. தேடுபவர் கூடுதலாக அலையும் ஒவ்வொரு மீட்டரும் அந்த நேரத்தைத் தின்கிறது.

நம்பிக்கை: ரீசார்ஜ் பேட்டரி போட்டால் செலவு மிச்சம்.

உண்மை: தயாரிப்பாளர் அனுமதிக்காவிட்டால் வேண்டாம். அதன் மின்னழுத்தம் கடைசிவரை நிலையாக நின்று திடீரென்று சரிவதால், திரையில் காட்டும் சதவீதம் பொய்யாகிவிடும்.

நம்பிக்கை: போனை ஏரோப்ளேன் மோடில் போட்டால் போதும்.

உண்மை: போன், கேமரா, சூடேற்றும் கையுறை எல்லாமே இரைச்சல் எழுப்பும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதே விதி. சந்தேகமிருந்தால் தேடும் நிலையில் போனைக் கருவிக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இல்லாத ஆளுக்குத் தூரம் காட்டினாலும் காட்டும்.

நம்பிக்கை: பழைய அனலாக் கருவி ஓசை எழுப்புகிறவரை பயன்படும்.

உண்மை: வருடங்கள் ஆக ஆக அதன் அலைவரிசை விலகக்கூடும். அப்படி விலகிய சமிக்ஞையைப் புதிய டிஜிட்டல் கருவிகள் கேட்கத் தவறலாம். மாற்றிவிடுங்கள், மலிவாகக் கிடைக்கிறதென்று அடுத்தவரிடமிருந்து வாங்கவும் வேண்டாம்.

அடுத்த முறை புறப்படும்போது தலைவரின் கருவி அனுப்புகிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.