குழும வாழ்வும் நன்றியுணர்வும்

பத்துத் தொழுநோயாளர் குணமடைந்தனர். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவரே. அவரும் ஒரு சமாரியர் (லூக் 17:11-19). ஏனைய ஒன்பது பேரும் தீயவர்கள் அல்லர். இயேசு பணித்தபடியே குருக்களிடம் சென்றவர்கள். விதியைச் சரிவரக் கடைப்பிடித்தும் நன்றியை மறந்தார்கள். ஒழுங்கு விதிகளின்படி நாளைக் கழிக்கும் துறவறக் குழுமத்தினராகிய நமக்கும் இந்த ஆபத்து உண்டு.

பெற்றவற்றை எண்ணுதல்

"எல்லாவற்றுக்கும் இறைவனுக்கு நன்றி" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. பெற்றவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதே பயன் தரும். தொடக்கத் திருச்சபையில் எவரும் தம் உடைமையைத் தமக்கே உரியது எனக் கொள்ளவில்லை. தேவையில் வாடுவோர் அவர்களிடையே இருக்கவில்லை (திப 4:32-35). இந்த ஆசீர்வாதத்தை நாமும் அனுபவிக்கிறோம். வேளைக்கு உணவு, நோயில் பக்கத்திலிருக்க ஒருவர், முதுமையில் ஓர் அறை, கூடிச் செபிக்கச் சகோதரர். மனம் சோர்ந்து செபிக்க இயலாத நாளிலும் அருகிலிருப்பவரின் குரல் நம்மைத் தாங்கிச் செல்கிறது.

நம் பொறுமையைச் சோதிப்பவரும் ஒரு கொடையே. தனித்து வாழ்பவன் யாருடைய பாதங்களைக் கழுவுவான் என்ற கேள்வியை 4ஆம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார் எழுப்பினார். தாழ்ச்சியும் மன்னிப்பும் பழகுவதற்குப் பிறர் வேண்டும்.

அடுக்களையில் தொடங்கும் நன்றி

6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்கு நூல் இதை அன்றாட வேலையோடு இணைக்கிறது. சகோதரர்கள் வாரமுறைப்படி சமைத்துப் பரிமாற வேண்டும். வார முடிவில் எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். மடத்தின் கருவிகளைப் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலப் பேண வேண்டும். குறைவாகத் தேவைப்படுபவர் அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கூடுதலாகத் தேவைப்படுபவர் தாழ்ச்சி கொள்ள வேண்டும். முறுமுறுப்பு எந்த வடிவிலும் கூடாது. குழுமத்தை உள்ளிருந்து அரிக்கும் கறையான் முறுமுறுப்பே என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1928இல் தோமஸ் அடிகளார் அ.ம.தி. தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை, செபத்தையும் மௌனத்தையும் உடல் உழைப்போடு இணைத்தது. தோலகட்டி நெல்லிரசத்தை அறியாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. செபிக்கும் கைகளின் உழைப்பு மக்களின் வீட்டுக்குள்ளும் சென்றது.

கொடையா, உரிமையா?

நம் கிராமத்துக் கமக்காரரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். மழை பிழைத்தால் பயிரும் போய், வாங்கிய கடனும் தலைமேல் நிற்கும். கூலித் தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் அன்றைய அடுப்பு எரியாது. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த நமக்கு இந்தக் கவலை இல்லை. வார்த்தைப்பாடு கொடுக்காதவர்களே வறுமையை வாழ்கிறார்கள். நமது பாதுகாப்பு அவர்களுடைய காணிக்கையாலும் உழைப்பாலும் வந்தது. அதை உரிமையென்று எண்ணத் தொடங்கும் நாளில் நம் இல்லம் வசதியான ஒரு விடுதியாகிவிடும்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் பெருந்திரளாய் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியின் எத்தனையோ வீடுகள் தங்கள் விறாந்தையையும் கிணற்றையும் அடுப்பையும் முன்பின் அறியாதவர்களுக்குத் திறந்துவிட்டன. ஒழுங்கு நூலோ வார்த்தைப்பாடோ இல்லாத குடும்பங்கள் அன்று தங்கள் உடைமையைப் பொதுவாக்கின. குழும வாழ்வை நாம் அவர்களிடமிருந்தும் கற்கிறோம்.

நன்றி செயலாகட்டும்

நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். இயேசு அப்பத்தைக் கையிலெடுத்ததற்கும் அதைப் பிட்டதற்கும் நடுவே நன்றி நிற்கிறது (1 கொரி 11:23-24). பெற்றதைப் பிட்டுக் கொடுக்கும்போதே நன்றி நிறைவு பெறும். ஆகவே சில நடைமுறைகளை முன்வைக்கிறோம்.

1. நமக்குச் சமைப்பவர், தோட்டம் பார்ப்பவர், காவலிருப்பவர் ஆகியோரைப் பெயர் சொல்லி நன்றியோடு நடத்துவோம். நியாயமான சம்பளம், ஓய்வு நாள், முதுமைக்கான சேமிப்பு ஆகியன இல்லாத நன்றி வெறும் வாய்ச்சொல்.

2. இல்லத்தின் வரவு செலவைக் குழுமம் முழுவதும் கேட்க மாதந்தோறும் வாசிப்போம். எவ்வளவு பெற்றோம் என்பது அப்போது கண்முன் தெரியும்.

3. பயன்படாது கிடக்கும் காணி, கிணறு, மண்டபம் ஆகியவற்றை மாதர் சங்கத்துக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் திறந்துவிடுவோம்.

4. நோயுற்ற, முதிய உறுப்பினரின் அறைக்கு நாளுக்கு ஒருமுறையாவது செல்வோம். நாம் இன்று உண்ணும் தேங்காய்க்கு மரம் நட்டவர்கள் அவர்கள்.

சிந்தனைக்கு:

- கடந்த வாரம் நம் இல்லத்தில் யாருடைய உழைப்பு நம் கண்ணில் படாமல் போயிற்று?
- நம் குழுமத்தின் பேச்சில் நன்றி மிகுதியா, முறுமுறுப்பு மிகுதியா?
- நமது இல்லம் நாளை மூடப்பட்டால், ஊரின் ஏழைகள் எதை இழப்பார்கள்?