கடவுள் பெயர் இல்லாவிட்டால் பிழைக் காசா?

அமெரிக்காவின் பழைய 20 டாலர் தங்க நாணயத்தைப் பற்றிய ஒரு கதை திரும்பத் திரும்ப என் காதில் விழுகிறது. "1908ஆம் வருஷத்துக் காசு சார். ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகத்தைப் போட மறந்துவிட்டார்கள். பிழைக் காசு, கிடைக்கவே கிடைக்காது" என்று ஆரம்பிப்பார்கள். யாரோ நாத்திகர் வேண்டுமென்றே நீக்கிவிட்டார், விஷயம் தெரிந்ததும் அரசு எல்லாவற்றையும் வாங்கி உருக்கிவிட்டது என்று இன்னும் சிலர் கண்ணும் மூக்கும் வைப்பார்கள். இதைச் சொல்லித்தான் விலையையும் ஏற்றுகிறார்கள்.

அத்தனையும் பொய். வாசகத்தை வேண்டாம் என்றவர் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். நாத்திகத்தால் அல்ல, பக்தியால். நாணயத்தில் பொறித்தால் கடவுளின் பெயர் மலினப்பட்டுக் கேலிக்கு இடமாகும், அது தெய்வ நிந்தனைக்கு மிக நெருங்கியது என்று 1907 நவம்பரில் எழுதிய கடிதத்தில் அவரே விளக்கியிருக்கிறார். அன்றைய சட்டமும் அந்த வாசகத்தைக் கட்டாயமாக்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் அமெரிக்க நாடாளுமன்றம் 1908 மே மாதம் சட்டம் இயற்றி வாசகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்கு முன் அடித்த காசுகள் யாவும் முறையானவை. 1866க்கு முந்தைய 20 டாலர் காசுகளிலும் இந்த வாசகம் கிடையாது. அவையெல்லாம் பிழைக் காசுகளா?

கிடைக்காது என்கிறார்களே, கணக்கைப் பாருங்கள். 1908இல் பிலடெல்பியா நாணயச்சாலை வாசகம் இல்லாமல் அடித்தவை 42 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, வாசகத்தோடு அடித்தவை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். சான்பிரான்சிஸ்கோவில் வாசகத்தோடு அடித்தவை வெறும் 22,000. அந்த ஆண்டின் அரிய காசு கடவுள் பெயர் உள்ளதுதான்! பெயர் இல்லாத பிலடெல்பியா காசு இந்த 20 டாலர் காசு வரிசையிலேயே எளிதில் கிடைப்பவற்றுள் ஒன்று. சாதாரண நிலையில் இருந்தால் அதன் விலை தங்கத்தின் விலையை ஒட்டியே நகரும்.

அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. 1927இல் டென்வர் நாணயச்சாலை அடித்த 20 டாலர் காசுகள் 1,80,000. இன்று இருப்பதாக அறியப்பட்டவை சுமார் பதினைந்து. மற்றவை பெரும்பாலும் அரசுக் கருவூலத்திலேயே கிடந்து, 1933க்குப் பிறகு உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. வெளிநாட்டு வங்கிகளுக்குப் போன காசுகள் அந்த உலைக்குத் தப்பின. ஒரு காசு அரிதா என்பதை இந்த வரலாறுதான் தீர்மானிக்கிறது.

உண்மையில் வியக்க வேண்டியது அந்தக் காசின் வடிவத்தை. ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டதால் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் பழங்கிரேக்க நாணயங்களைப் போல உயர்ந்த புடைப்போடு வடித்தார். கையில் தீப்பந்தமும் ஆலிவ் கிளையும் ஏந்தி நடந்து வரும் சுதந்திர தேவி, பின்புறம் சூரியனுக்கு மேல் பறக்கும் கழுகு. அவ்வளவு புடைப்பு எழ ஒரே காசைப் பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் புடைப்பைக் குறைத்த பிறகே வேகமாக அடிக்க முடிந்தது. புழக்கத்துக்கு வந்ததைப் பார்க்கச் சிற்பிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1907 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். ஆண்டை ரோமன் எண்ணில் தாங்கிய உயர் புடைப்புக் காசுகள் 12,000க்குச் சற்று மேல்தான். ஆசைப்படுவதென்றால் இதற்கு ஆசைப்படுங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. 1933இல் தங்கக் காசு எல்லாமே சட்டவிரோதமானது என்பது தவறு; தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொன்ன அந்த ஆண்டு ஆணையே சேகரிப்பாளர்களின் அரிய காசுகளுக்கு விலக்கு அளித்தது. 1933 என்று பொறித்த 20 டாலர் காசு மட்டும் தனி வழக்கு. அதில் தனியார் வைத்திருக்க அரசு அனுமதித்த ஒன்று 2021இல் ஒரு கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பழைய காசு சுத்தத் தங்கம் என்பதும் தவறு. பத்தில் ஒரு பங்கு செம்பு. சிற்பி பேலா பிராட் வடித்த 1908ஆம் ஆண்டு 5 டாலர் காசில் உருவம் பள்ளமாக இருப்பதால் கிருமி தங்கும் என்று அன்றே ஒரு நாணய வணிகர் புகார் எழுதினார். அந்தப் புகாரையும் மீறிக் காசு 1929 வரை அடிக்கப்பட்டது.

பாலிஷ் போட்டால் விலை ஏறும் என்பதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. துலக்கும்போது தேய்வது சிற்பியின் வேலைப்பாடு; போன பளபளப்பு திரும்பாது. கழுத்தில் போட வளையம் பற்றவைப்பது அதைவிடக் கொடுமை. தங்கம் அணிய ஆசையிருந்தால் நகை வாங்குங்கள். பழங்காசு கைக்கு வந்தால் தேய்க்காதீர்கள், பற்றவைக்காதீர்கள், விளிம்பைப் பிடித்து மட்டும் எடுங்கள். யாராவது பிழைக் காசு என்று விற்க வந்தால், ஆண்டுக்கு மேலே நாணயச்சாலை எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிலடெல்பியா காசுபோல எழுத்தில்லாமல் 1908 என்றிருந்து, வாசகமும் இல்லையென்றால், தங்க விலைக்கு மேல் அள்ளிக் கொடுக்காதீர்கள்.