தண்ணீருக்குள் கண்ணை வைத்துப் பார்த்த விஞ்ஞானி

நான் இப்போது கண்ணாடி போட்டு வருவது எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் "சோடாபுட்டி"ன்னு கூப்பிட்டவங்களும் இதைப் படிக்கணும்னுதான் எழுதுகிறேன்.

கணக்கில் எனக்கு மார்க் குறைந்துகொண்டே வந்தது. போர்டில் இருக்கும் 3-ஐ 8 என்று எழுதிவிடுவேன். வழிமுறை சரியாக இருக்கும், விடை தப்பாகிவிடும். "கவனக்குறைவு" என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி வரும். நானும் என்னை அப்படித்தான் நினைத்திருந்தேன். கண் பரிசோதனைக்கு வந்த டாக்டர்தான் "உனக்கு சிலிண்டர் பவர் இருக்கும்மா" என்றார். வீட்டில் சொன்னால் அம்மா, "கேஸ் சிலிண்டருக்கும் கண்ணுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று சிரித்தது. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அப்போது கிடைத்த பெயர்தான் தாமஸ் யங்.

இவர் 1773-ல் இங்கிலாந்தில் மில்வர்டன் என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். மருத்துவம் படித்தார். கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே கண்ணுக்கு எப்படித் தெளிவாகத் தெரிகிறது? நம் புத்தகத்தில் விழி ஏற்பமைவுத் திறன் என்று வருமே, அதுதான் அவருடைய கேள்வி. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ்தான் வடிவம் மாறுகிறது என்று 1793-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை கொடுத்தார். அப்போது வயது 19! அடுத்த வருடமே அங்கே உறுப்பினர் ஆகிவிட்டார்.

ஆனால் பெரிய மருத்துவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் இருக்கும் கார்னியாதான் வளைகிறது என்றார்கள். யங்கும் தன் கருத்தை விட்டுவிட்டார். அவர் சொன்னதுதான் சரி, இருந்தும் விட்டுவிட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்பச் சோதனை செய்து, 1800 நவம்பரில் மறுபடியும் அதே சபையில் போய்ப் படித்தார்.

அவர் செய்த சோதனைதான் ரொம்ப அருமை. கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரியும் அல்லவா? காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. தண்ணீரிலிருந்து நுழைந்தால் அவ்வளவாக வளையாது. அதனால் தண்ணீருக்குள் கார்னியா இருந்தும் இல்லாத மாதிரிதான். யங் ஒரு சின்னக் குழாயின் முனையில் லென்ஸ் பொருத்தி, முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கார்னியா செய்யும் வேலையைக் குழாயில் இருந்த லென்ஸ் செய்தது. அப்போதும் அவரால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பார்வையை மாற்ற முடிந்தது. அப்படியானால் மாறுவது கார்னியா இல்லை!

கண் உருண்டையே நீளுகிறதோ என்று பார்க்க, சாவி வளையத்தைக் கண்ணின் ஓரத்தில் பின்பக்கமாக அழுத்தியும் பார்த்தார். (தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.) அது நீளவில்லை. கண்புரை ஆபரேஷனில் லென்ஸை எடுத்துவிட்டவர்களையும் சோதித்தார். அவர்களுக்கு அந்தத் திறனே இல்லை. எங்கள் அப்பத்தாவுக்கு ஆபரேஷன் செய்து செயற்கை லென்ஸ் வைத்திருக்கிறார்கள். தூரத்தில் வரும் பஸ் தெரியும், ஊசியில் நூல் கோர்க்க மட்டும் என்னைக் கூப்பிடும். வைத்த லென்ஸ் வடிவம் மாறாதே, அதனால்தான்.

யங் சொன்னதில் ஒன்று தப்பு. லென்ஸே ஒரு தசை என்று நினைத்தார். லென்ஸைச் சுற்றியிருக்கும் சிலியரித் தசைதான் அதை மாற்றுகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். இந்தச் சோதனைகளுக்காகத் தன் கண்ணை அளந்தபோது யங் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மேலும் கீழுமாக விரிந்து வரும் ஒளி 10 அங்குலத் தூரத்திலிருந்து வந்தால் அவர் விழித்திரையில் சரியாகக் குவிகிறது. இடமும் வலமுமாக விரிந்து வரும் ஒளிக்கு அது 7 அங்குலம்தான். ஒரே கண்ணுக்கு ரெண்டு தூரம்! அளந்து பார்க்கிற வரைக்கும் அந்தக் குறை இருப்பது அவருக்கே தெரியாதாம். இதைத்தான் அஸ்டிக்மாட்டிசம் என்கிறார்கள். அவருக்குக் குறை லென்ஸில் இருந்தது. பெரும்பாலோருக்குக் கார்னியாவில் இருக்கும். அது பந்து மாதிரி இல்லாமல், லேசாக அமுக்கிய பந்து மாதிரி இருக்கும்.

இதற்கு 1825-ல் ஏரி என்ற வானியல் அறிஞர் தன் இடது கண்ணுக்காகவே ஒரு கண்ணாடி செய்யச் சொன்னார். அந்த லென்ஸின் ஒரு பக்கம் உருளை மாதிரி ஒரு திசையில் மட்டும் வளைந்திருக்கும். உருளை என்றால் ஆங்கிலத்தில் சிலிண்டர். அம்மாவிடம் விளக்கிவிட்டேன்.

யங் இதோடு நிற்கவில்லை. ஒளி அலை என்பதற்குச் சான்று காட்டினார். எல்லா நிறத்தையும் பார்க்கக் கண்ணில் மூன்று வகை உணர்விகளே போதும் என்றார். எகிப்தின் பழைய எழுத்துகளையும் படிக்க முயன்றார். 1829-ல் இறந்துபோனார்.

கீழே கடிகாரம் மாதிரிக் கோடுகள் வரைந்திருக்கிறேன். எல்லாமே ஒரே ஸ்கெட்ச் பேனா, ஒரே தடிமன். நாலு தப்படி தள்ளி நின்று, ஒரு கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு பாருங்கள். அப்புறம் அடுத்த கண். சில கோடு கறுப்பாகவும் சில கோடு மங்கலாகவும் தெரிந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு 12-லிருந்து 6-க்குப் போகும் கோடு மட்டும்தான் நல்லாத் தெரியுது.