ஊசல் உரைத்த உண்மை

பண்டைக் காலத்தில் தகடூர் என வழங்கிய தருமபுரி நாட்டின் மேற்கெல்லையில் ஒகேனக்கல் என்னும் இடம் உள்ளது. ஆங்குக் காவிரியாறு பல கிளைகளாகப் பிரிந்து, பாறைகளின்மேல் மோதிப் பேரொலியுடன் கீழே வீழ்கின்றது. அருவியைக் காணச் செல்வோர் அதன் அழகில் ஈடுபட்டு நிற்பர். ‘இந்நீர் கீழ்நோக்கி வீழ்வது ஏன்?’ என்று வினவுவோர் சிலரே. நீர் பள்ளத்தை நாடுவது இயல்பு என்று பலரும் அமைந்துவிடுவர். ஆயின், அவ்வியல்புக்கும் ஒரு காரணம் உண்டு. நிலவுலகம் எல்லாப் பொருள்களையும் தன்னை நோக்கி இழுக்கின்றது. இவ்வாற்றலைப் புவியீர்ப்பு என்பர். உலகைச் சூழ்ந்துள்ள காற்று வெளியில் சிதறிப் போகாமல் நிற்பதும், திங்கள் நம் உலகைச் சுற்றி வருவதும் இதனாலேயே ஆகும்.

இவ்வீர்ப்பு எல்லா இடத்தும் ஒரே அளவினதோ? அன்று என்பதை முதலில் உணர்த்தியது ஓர் ஊசற் கடிகாரம். 1672-ஆம் ஆண்டில் ரிஷே என்னும் பிரெஞ்சு வானூலார், நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள கயேன் என்னும் இடத்திற்குச் சென்றிருந்தார். பாரிசு நகரில் பிழையின்றி ஓடிய கடிகாரம் அங்கே நாள்தோறும் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் பழுதுற்றது என்று அவர் அதனை ஒதுக்கிவிடவில்லை; ஊசலின் நீளத்தைக் குறைத்துச் சரிசெய்து, அவ்வளவைக் குறித்துவைத்தார். ஈர்ப்புக் குறைந்தால் ஊசல் மெல்ல ஆடும். உலகம் சுழல்வதாலும், நடுவிடத்தில் சற்றே புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டின் அருகே ஈர்ப்புக் குறைகின்றது என்று நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். துருவத்திற்கும் நடுக்கோட்டிற்கும் உள்ள வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்கு அளவே.

தமிழகத்திலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றது. 1821-ஆம் ஆண்டில் கோல்டிங்காம் என்பவர் சென்னை வானாய்வு நிலையத்தில் ஊசலை ஆட்டி, ஈர்ப்பின் அளவைக் கண்டறிய முற்பட்டார். இலண்டனில் சரியாக ஓடும் ஊசற் கடிகாரத்தைச் சென்னைக்குக் கொணர்ந்தால், அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகப் பின்தங்கும். அத்துணை வேறுபாடு இவ்விரு நகரங்களின் ஈர்ப்பிடையே உண்டு.

இதற்கு முன்னரே, 1802-ஆம் ஆண்டில், லாம்டன் என்னும் ஆங்கிலேயர் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு ஒன்றை அளந்து, பெரும் நில அளவையைத் தொடங்கியிருந்தார். தென்கோடியிலிருந்து இமயம் நோக்கி 78 பாகை நெடுங்கோட்டை ஒட்டி இவ்வளவை நீண்டது. தருமபுரியும் அக்கோட்டிற்கு அண்மையில் உள்ள ஊரே. அளவை வடக்கே சென்றபொழுது ஓர் இடர் தோன்றியது. கலியான்பூருக்கும் இமயத்தை அடுத்த கலியானாவுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நிலத்தை அளந்து கண்ட கணக்கும், விண்மீனை நோக்கிக் கண்ட கணக்கும் 5 விகலை வேறுபட்டன. ஒரு பாகையில் 3600 விகலைகள் அடங்கும். எனவே அவ்வேறுபாடு நிலத்தில் 160 மீட்டர் அளவினதேயாகும்.

கல்கத்தாவில் வாழ்ந்த பிராட் என்னும் சமயகுரு இதனை ஆராய்ந்தார். கொத்தர் சுவரின் நேர்மையைக் காண ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவரன்றோ? அத்தகைய குண்டையே விண்மீன் நோக்கும் கருவியும் நம்பியிருந்தது. இமயமலை தன் பருமையால் அக்குண்டைத் தன்பால் சிறிது இழுத்திருக்க வேண்டும் என்று அவர் 1855-ஆம் ஆண்டில் கருதினார். ஆயின், கணக்கிட்டுப் பார்த்தபொழுது, மலை இழுத்திருக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 15 விகலை என வந்தது. மலை தன் தோற்றத்திற்கேற்ப இழுக்காதது ஏன்? ஒகேனக்கல்லில் பரிசலில் ஆட்கள் மிகுதியாக ஏறினால், அது நீரில் ஆழ அமிழ்கின்றது. அங்ஙனமே உயர்ந்த மலையின் அடிப்பகுதியும், அடர்த்தி மிக்க உட்பொருளினுள் ஆழப் புதைந்து மிதக்கின்றது என்று ஏரி என்னும் வானூலார் அவ்வாண்டிலேயே விடை பகர்ந்தார். புதைந்த பகுதி அடர்த்தி குறைந்ததாதலின், மலையின் இழுப்பும் குறைந்தது.

இவ்விடையை ஆய்ந்து பார்த்தல் வேண்டுமன்றோ? 1865-ஆம் ஆண்டில் பசெவி என்னும் அளவைத்துறை அலுவலர் அப்பணியை மேற்கொண்டார். காற்றுத் தடைசெய்யாதவாறு, காற்றகற்றிய கலத்தினுள் ஊசலை ஆட்டி, அசைவுகளைக் கணக்கிட்டார். தென்கோடி முதல் வடக்கே பல இடங்களிலும், கடலிடைப்பட்ட மினிக்காய்த் தீவிலும் அவர் ஆய்வு செய்தார். தீவில் ஈர்ப்பு மிகுந்தும், மலைப்பகுதியில் எதிர்பார்த்ததினும் குறைந்தும் காணப்பட்டது. பின்னர் லடாக்கில் 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திற்கு ஊசலைக் கொண்டுசென்றார். அவ்விடத்துக் கடுங்குளிர் அவர் உடலைத் தாக்கியது. 1871-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஆய்வு நிறைவுறுமுன் அவர் உயிர் நீத்தார். எஞ்சிய பணியை எவிசைடு என்பவர் முடித்தார்.

தமிழகத்திற்குத் தெற்கே மற்றொரு விந்தை உள்ளது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதியில் ஈர்ப்புக் குறைந்திருத்தலால், கடல்மட்டம் கணக்கிட்ட பொதுமட்டத்திற்கு 106 மீட்டர் தாழ்ந்துள்ளது. உலகில் இதனினும் ஆழ்ந்த ஈர்ப்புப் பள்ளம் வேறில்லை. பண்டு மறைந்த டெதிசு என்னும் கடலின் தரை உலகின் உட்பகுதியில் அமிழ்ந்தமையும், அதனால் வெப்பப் பொருள் மேலெழுந்தமையும் இதற்குக் காரணமாகலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இற்றைநாளில் ஈர்ப்பை அளத்தற்குத் துணைக்கோள்களும் பயன்படுகின்றன. 2002-ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட கிரேஸ் என்னும் இரட்டைத் துணைக்கோள்கள், ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக 2017-ஆம் ஆண்டுவரை உலகைச் சுற்றின. நிறை மிக்க பகுதியை நெருங்கும்போது முன்செல்லும் கோள் சிறிது விரைவாக இழுக்கப்படும், இடைவெளி மாறும். மயிரிழையினும் நுண்ணிய அம்மாற்றத்தை அளந்து, மேலுள்ள காற்றின் நிறையையும் கணக்கில் கழித்து, நிலத்தடி நீரின் ஏற்றத்தாழ்வை அறிந்தனர். இராசத்தான், பஞ்சாப், அரியானா ஆகிய பகுதிகள் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என்பது இவ்வாறே தெரியவந்தது. ஒகேனக்கல்லைக் கடந்துவரும் காவிரியைத் தேக்கும் மேட்டூர் அணை நாற்பது முறை நிரம்பும் அளவு அது! துணைக்கோள் தனி ஒரு சிற்றூரின் கிணற்றை அளக்கமாட்டாது. பரந்த நிலப்பகுதியின் நிலையையே காட்டும். எனினும், கடும்பாறை நிலத்தில் கிணற்று நீரை நம்பி உழும் தருமபுரி உழவர்க்கு, நிலத்தடி நீர் எடுக்க எடுக்கக் குறையும் என்னும் அவ்வறிவு வேண்டற்பாலது.

கடிகாரத்தின் இரண்டரை நிமிடத்தையும், நில அளவையின் 5 விகலையையும் சிறு பிழை என்று ஒதுக்கியிருப்பின், மலையின் அடியும் கடலின் பள்ளமும் மறைந்தே கிடந்திருக்கும். கணக்கோடு பொருந்தாத சிறு வேறுபாட்டை மறையாது எழுதிவைத்து, அதன் காரணத்தைத் தேடுதலே ஆராய்ச்சியின் முதற்படியாகும்.