திறந்த மூல மேகக் கணிமையும் பங்காளி நிறுவனங்களும்

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் இணைந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக், மூல நிரல் அனைவருக்கும் திறந்துள்ள மேகக் கணிமைத் தளமாகும். அபாச்சி உரிமத்தின்கீழ் வெளியிடப்படுவதால், எந்த நிறுவனமும் தன் பொருளை இதனுடன் இணைக்க முற்படலாம். ஆயினும் அப்பணி எளிதன்று.

சேமிப்புக் கருவி தயாரிப்போரை எடுத்துக்கொள்வோம். இத்தளத்தின் ‘சிண்டர்’ என்னும் பிரிவு, சேமிப்பிடம் ஒன்றை உருவாக்குதல், படியெடுத்தல், அழித்தல் போன்ற பொதுக் கட்டளைகளையே பிறப்பிக்கும். அவற்றைத் தன் கருவிக்கு ஏற்ப மாற்றித்தரும் இயக்கி நிரலை நிறுவனமே எழுத வேண்டும். எழுதிக் கொடுத்ததும் கடமை முடிந்தது எனக் கருதுவோர் ஏமாறுவர். சிண்டரின் நிரலில் முன்மொழியப்படும் மாற்றங்களை நிறுவனம் தன் சொந்தக் கருவியில் இடைவிடாது சோதித்து, முடிவுகளைத் தெரிவித்துவர வேண்டும். சந்தையிலுள்ள கருவிகள் அனைத்தும் திட்டக்குழுவினரிடம் இருத்தல் இயலாதன்றோ! சோதனை நின்றுபோனால் அவ்வியக்கி ‘ஆதரவு இல்லாதது’ எனக் குறிக்கப்படும். பின்னர் நீக்கப்படவும் கூடும். ஆட்களையும் கருவிகளையும் ஆண்டு முழுவதும் ஒதுக்கவேண்டிய இச்செலவு சிறு நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமையே.

இந்திய அரசு 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை வெளியிட்டது. எனினும், மென்பொருள் திறந்ததாயிருப்பது மட்டும் போதாது. ஒப்பந்தப்புள்ளிகளை ஆராயும் அலுவலர், கருவியின் விலையுடன் அதன் இயக்கி சோதனையில் நீடிக்கிறதா என்பதையும் வினவ வேண்டும். இல்லையேல், தளத்தைப் புதுப்பிக்கும் நாளில் இயக்கி இல்லாத கருவியில் துறையின் தரவுகள் சிக்கிக்கொள்ளும்.